‘ஓர் ஊர்’ இல்லை, வேலூர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வயலின் மேதை துவாரம் வெங்கடசாமி நாயுடு பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1893ல் பெங்களூரில் பிறந்தது, கண்பார்வை குறைவாக இருந்தும் வில்லை விடாதது, 26 வயதிலேயே ஆந்திரத்து விஜயநகரம் மகாராஜா இசைக் கல்லூரியில் பேராசிரியர் ஆனது, 1936ல் அதற்கே முதல்வர் ஆனது, 1941ல் சங்கீத கலாநிதி பட்டம் என்று எல்லாம் சரியாக இருந்தது. சந்தோஷமாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன். “1938ல் சென்னைக்கு அருகில் உள்ள ஓர் ஊரில் தம் முதல் தனி வயலின் கச்சேரியைச் செய்தார்” என்ற வரி வந்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன்.

அந்த ஊருக்குப் பெயர் உண்டு ஐயா. வேலூர். சென்னையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். பெங்களூரையும் விஜயநகரத்தையும் பெயர் சொல்லி எழுதத் தெரிந்தவருக்கு வேலூர் என்ற மூன்றெழுத்து மட்டும் ஏன் வரவில்லை?

இது சின்ன விஷயம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் காலத்தில் வயலின் நம் சங்கீதத்துக்குள் வந்தது. அப்புறம் நூறு வருஷத்துக்கும் மேலாக வயலின்காரர் என்றால் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பாடியதை ஒரு மூச்சு பின்னால் பிடிப்பவர் என்றுதான் இருந்தது. அந்த வாத்தியத்தை மேடை நடுவில் வைத்து, இதையே முழுக் கச்சேரியாகக் கேளுங்கள் என்று நாயுடு உட்கார்ந்தது எங்கள் ஊரில். உட்கார்ந்து கேட்டவர்கள் எங்கள் ஊர் ஜனங்கள். அதை ‘ஓர் ஊர்’ என்று எழுதினால் மனசு பொறுக்கவில்லை.

எனக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவர் இங்கே வேலூர் வேலப்பாடியில் இருந்தார். அவரிடம் நாயுடுவின் இசைத்தட்டு ஒன்று இருந்தது. வாரத்தில் ஒருநாள் அதைப் போட்டுவிட்டு, “வில் எங்கே திரும்புதுன்னு சொல்லு பார்ப்போம்” என்பார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். கீழ்வில் முடிந்து மேல்வில் தொடங்கும் இடத்தில் ஒரு கீறல், ஒரு தயக்கம் கேட்க வேண்டுமே! கேட்காது. ஒரே மூச்சாக நாதம் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு வருஷம் கேட்டும் என்னால் ஒருமுறைகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. “அந்த மனுஷர் முதல் தடவை தனியாக வாசித்தது நம்ம ஊர்லடா” என்று அவர் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். இன்று அவர் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை அவர்தான் எழுதியிருப்பார்.

இது முதல் முறையும் இல்லை. தை மாதம் தியாகராஜர் ஆராதனை வந்தால் சிறப்புப் பக்கம் போடுகிறீர்கள். திருவையாறு வரும், தஞ்சாவூர் வரும். தியாகராஜரின் நேர் சீடராக இருந்து, அவருடைய கீர்த்தனைகளை ஏட்டில் எழுதிக் காப்பாற்றிய வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர் வருவதில்லை. பெயரிலேயே எங்கள் பக்கத்து ஊரைச் சுமந்தவர் அவர். வட ஆற்காடு என்ற மாவட்டத்தை 1989ல் பிரித்தார்கள், 2019ல் வேலூரையும் மூன்றாக்கினார்கள். வாலாஜாவும் வேலூரும் வேறு வேறு மாவட்டம் ஆகிவிட்டன, சரி. அதற்காகப் பழைய கதையும் போய்விடுமா? வேலூர் என்றால் உங்கள் பக்கங்களில் வெயில், ஜெயில், ஆஸ்பத்திரி. ஜூலை 10 வந்தால் 1806 சிப்பாய்ப் புரட்சி. அவ்வளவுதான்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1990களில், மே மாதம், இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் சென்னையிலிருந்து வந்த பாடகருக்கு நான் பக்கவாத்தியம். வேலூர் மே மாத வெயில் வயலினை என்ன செய்யும் என்று வாசிப்பவர்களுக்குத் தெரியும். மரம் காய்ந்து, தந்தியை முறுக்கும் பிருடை நிற்காது. ஆலாபனை நடுவில் தந்தி ‘டொய்ங்’ என்று இறங்கிவிடும். சாக்பீஸ் பொடியைத் தடவித் தடவி முறுக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் வாசித்தேன். பாடகரே தோடி ராகம் முடிந்ததும் திரும்பி “பேஷ்” என்றார். இரண்டு நாள் கழித்து ஒரு பத்திரிகையில் செய்தி வந்தது. பாடகர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், பொன்னாடை போர்த்தியவர் பெயர் எல்லாம் இருந்தன. “வயலினும் மிருதங்கமும் பக்கபலமாக இருந்தன” என்று முடித்திருந்தார்கள். படத்தில் என் வில்லின் நுனி மட்டும் தெரிந்தது. அந்தத் துண்டை என் மனைவி வெகுநாள் பத்திரமாக வைத்திருந்தாள், “இது நீங்கதானே” என்று.

பக்கவாத்தியக்காரர் பெயரைப் போட எத்தனை வரி ஆகும் ஐயா? இன்றைக்கும் உங்கள் இதழ் உட்பட எல்லாரும் அதையே செய்கிறீர்கள். இதே மனப்பான்மைதான் நாயுடு கட்டுரையில் ஊர்ப் பெயரை விழுங்கியது என்று நினைக்கிறேன்.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு இதழில் ஒரு வரித் திருத்தம் போதும்: துவாரம் வெங்கடசாமி நாயுடுவின் முதல் தனி வயலின் கச்சேரி 1938ல் வேலூரில் நடந்தது. முடிந்தால் முதல் பக்கத்தின் மூலையில் வேண்டாம், அந்தக் கட்டுரை வந்த பக்கத்திலேயே போடுங்கள்.

என்னிடம் வயலின் கற்கும் எட்டாம் வகுப்புப் பெண் உங்கள் கட்டுரையை வெட்டி நோட்டில் ஒட்டியிருக்கிறாள். “எந்த ஊர் சார்?” என்று கேட்டாள். சொன்னேன். நம்பாமல் பார்த்தாள். திருத்தம் வந்தால் ஒட்டுவதற்கு அதன் கீழே நான்கு விரல்கடை இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
சத்துவாச்சாரி, வேலூர்.