எரியாத குப்பைக்கு எந்தக் கிழமை?

வசு,

முதலில் திட்டி முடித்துவிடு, அப்புறம் படி. ஏழு மாதம் ஆகிவிட்டது, தெரியும். நீ அனுப்பிய மூன்று குரல் செய்திகளையும் கேட்டேன், மூன்றாவதில் நீ விட்ட சாபத்தை இரண்டு தடவை கேட்டேன். குட்டிக்கு மொட்டை போட்ட படமும் பார்த்தேன், உன் மாமனாரை உரித்து வைத்திருக்கிறாள் (இந்த வரியை அண்ணாவிடம் வாசித்துக் காட்டாதே). அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகப் பெரிய ஜெயா சொன்னாள். சரி, விசாரிப்புப் படலம் முடிந்தது.

நாம் ‘டைம்டேபிள்’ என்று பெயர் வைத்தோமே, அவனும் நானும் பிரிந்துவிட்டோம். பிப்ரவரியில். சண்டை கிடையாது, நடுவில் யாரும் வரவில்லை. அவனுக்கு ஒசாகாவில் வேலை கிடைத்தது. நீயும் வா என்று அவன் கூப்பிடவில்லை, நானும் வரட்டுமா என்று நான் கேட்கவில்லை, ஏன் இரண்டு பேருமே கேட்கவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசினோம், சாயங்காலம் பேச்சோடு எல்லாமே முடிந்திருந்தது. உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், திருச்சி ஜங்ஷன் சம்பவத்தன்றே இது நிலைக்காது என்று நீ சொல்லிவிட்டாயே, அதனால்தான். நீ சொன்னதுதான் சரி. எழுத்தில் தருகிறேன், சட்டம் போட்டு மாட்டிக்கொள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அவனைப் பற்றிச் சொல்ல இல்லை. பாட்டுகளைப் பற்றிச் சொல்ல. சிரிக்காதே. டோக்கியோவில் இந்த நிஷி-கசாயில் ஆறு வருஷமாக இருக்கிறேன், இந்த ஊர்ப் பாட்டு ஒன்றைக்கூட உட்கார்ந்து கேட்டதில்லை. மார்ச் மாதம் ஆபீஸில் வழியனுப்பு விழா, இங்கே நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, இடமாற்றம் எல்லாம் அப்போதுதான். சாப்பாடு முடிந்ததும் கரோகேக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் கச்சோ, அதாவது பிரிவுத் தலைவர், வருஷத்துக்கு நாற்பது வார்த்தை பேசும் மனுஷன், மைக்கை வாங்கி ‘மோமென் நோ ஹங்காச்சீஃப்’ பாடினார். பருத்திக் கைக்குட்டை. 1975 டிசம்பரில் ஓட்டா ஹிரோமி பாடி வந்த பாட்டு, எழுதியவர் மட்சுமோட்டோ தகாஷி.

திரையில் வரி ஓடும், எனக்குப் பாதி எழுத்து புரியும், அதனால் கதை மெதுவாகத்தான் மண்டையில் ஏறியது. ஒருவன் கிழக்கே போகும் ரயிலில் ஊரை விட்டுப் போகிறான். நகரத்தில் உனக்கு நல்ல பரிசாகத் தேடி வாங்குகிறேன் என்கிறான். பரிசெல்லாம் வேண்டாம், நகரத்துச் சாயம் ஒட்டாமல் திரும்பி வா என்கிறாள் அவள். அரை வருஷம் கழித்து மோதிரம் அனுப்புகிறான், அதுவும் வேண்டாம் என்கிறாள். அடுத்து கோட்டு சூட்டோடு ஒரு படம் அனுப்பி, நீ இன்னும் உதட்டுச்சாயம் பூசுவதில்லையா என்று கேட்கிறான் பாவி. புல்லில் படுத்துக் கிடந்த உன்னைத்தான் எனக்குப் பிடித்தது, ஆனாலும் அங்கே குளிர்காற்று, உடம்பைப் பார்த்துக்கொள் என்கிறாள். கடைசியில், மன்னித்துவிடு, என்னால் திரும்பி வர முடியாது என்கிறான். அப்போதுதான் அவள் முதன்முதலாக ஒன்று கேட்கிறாள், கண்ணீர் துடைக்க ஒரு பருத்திக் கைக்குட்டை. அவ்வளவுதான் பாட்டு. ஒவ்வொரு சரணத்திலும் பாதி அவன், பாதி அவள், இரண்டையும் பாடுவது ஒரே குரல். கச்சோவும் இரண்டையும் பாடினார், அவள் பகுதி வந்தபோது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். தமிழம்மா நடத்திய பொருள்வயிற் பிரிவுதான் இது, ஆனால் நம் தலைவன் கார்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று ஒரு வாக்காவது கொடுத்துவிட்டுப் போவான். என் கதையில் ரயில் மேற்கே போனது, உதட்டுச்சாயம் ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது, மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை.

அந்தப் பாட்டுக்கு நான் அழவில்லை. அழுதது அடுத்த பாட்டுக்கு. ஒரு சின்னப் பையன், போன வருஷம் சேர்ந்தவன், தான் பிறப்பதற்கு முன்னால் வந்த பாட்டைப் பாடினான். மகிஹாரா நொரியுகி, 1992, பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பாட்டில் ஒருவன், நீ இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் ஓடாதா என்ன என்ற வீறாப்போடு அடுப்பில் கெட்டிலை வைக்கிறான். வைத்த பிறகுதான் தெரிகிறது, தேயிலை எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

வசு, எனக்குத் தேயிலை இருக்கும் இடம் தெரியும். எனக்குத் தெரியாதது குப்பை. இங்கே எரியும் குப்பை வாரத்தில் இரண்டு நாள், பிளாஸ்டிக் தனி, புட்டி தனி, எரியாத குப்பைக்கு மாதத்தில் இரண்டே நாள். எது என்றைக்கு என்று அவன்தான் மனப்பாடமாக வைத்திருந்தான், சும்மாவா பெயர் வைத்தோம். அவன் போன பிறகு கைப்பிடி உடைந்த ஒரு வாணலி பால்கனியிலேயே கிடந்தது. தினமும் துணி காயப்போடும்போது அதைப் பார்ப்பேன். கலெண்டர் ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருக்கிறது, எட்டிப் படித்தால் தெரிந்துவிடும். படிக்கவில்லை. அந்தப் பையன் கெட்டில் வரியைப் பாடியபோது வாணலி ஞாபகம் வந்து, கோக் ஹை (விஸ்கியில் கோக் கலந்தது) குடித்துப் புரையேறியதாக நடிக்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் இருந்த பெண் முதுகைத் தட்டினாள். பாவம், உண்மையாகவே தட்டினாள்.

அந்தப் பாட்டின் தலைப்பு, ‘இனிமேல் காதலே வேண்டாம்’. தலைப்பை மட்டும் பார்த்தால் நம் ஊர்த் தாடிக்காரன் பாட்டு மாதிரி இருக்கும். உள்ளே போனால் வாக்கியம் வேறு மாதிரி முடிகிறது. ‘மோ கொய் நான்தே ஷினாய் நான்தே இவநாய் யோ, ஸெட்டாய்.’ வார்த்தை வரிசையைக் கொஞ்சமும் மாற்றாமல் தமிழில் சொல்கிறேன் பார்: இனிமேல் காதலே பண்ண மாட்டேன் என்று சொல்ல மாட்டேன், சத்தியமாக. இங்கிலீஷில் இதைச் சொல்லப் போனால் ‘சொல்ல மாட்டேன்’ முதலிலேயே வந்து குட்டு உடைந்துவிடும். நமக்கும் அவர்களுக்கும் வினை கடைசியில்தான் வரும், அதனால் ‘பண்ண மாட்டேன்’ வரைக்கும் நம்பிக்கொண்டே வருகிறோம், ஒரு மூச்சு தள்ளி எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. பாட்டு வெளிவந்தபோது அந்த ஆளுக்கு இருபத்து மூன்று வயசுதான். நாமெல்லாம் அந்த வயசில் மெஸ் அக்காவிடம் இரண்டாவது அப்பளத்துக்கு மன்றாடிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் பைத்தியம் பிடித்த மாதிரி தேடித் தேடிக் கேட்டேன். காதல் முறிவுக்கு இவர்கள் வார்த்தை ‘ஷிட்சுரென்’, முதல் எழுத்து தொலைப்பது, இரண்டாவது காதல். நாம் காதல் தோல்வி என்கிறோம், என்னவோ பரீட்சை எழுதி முப்பத்து நாலு வாங்கின மாதிரி. தோல்வி என்றால் ஜெயித்தவன் ஒருவன் வேண்டும், அவனையோ அவளையோ திட்ட வேண்டும், நம் சூப் பாட்டுகளில் பாதி அந்தப் பெண்ணைத் திட்டியே ஓடுகின்றன. தொலைந்தது என்றால் யாரைத் திட்டுவது? குடையைத் தொலைத்தாலே போலீஸ் சாவடியில் போய்க் கேட்கிற ஊர் இது. அங்கே போய்க் கேட்கலாமா என்று ஒரு ராத்திரி யோசித்தேன், அது பீர் யோசனை.

உததா ஹிகாருவின் ‘ஃபர்ஸ்ட் லவ்’ நீயும் எங்கேயாவது கேட்டிருப்பாய். 1999, பாடியபோது அவளுக்குப் பதினாறு வயசு, அந்த ஆல்பம் ஜப்பானில் மட்டும் 76 லட்சத்துக்கு மேல் போயிற்று, இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. கடைசி முத்தத்தில் சிகரெட் வாசம் என்று ஆரம்பிக்கிறாள். எனக்குப் பிடித்தது அது இல்லை, நாளைக்கு இந்நேரம் நீ எங்கே இருப்பாய், யாரை நினைத்துக்கொண்டிருப்பாய் என்று ரொம்பச் சாதாரணமாகக் கேட்கும் இடம். யூரி என்ற பையன் 2020இல் பாடிய ‘டிரை ஃபிளவர்’ இருக்கிறது, அவனே முன்னால் பாடிய பாட்டுக்கு அந்தப் பெண் சொல்லும் பதில் அது. உன்னோடு இருந்த நாட்களும் நிறம் மங்கிவிடும், நிச்சயம் நிச்சயம் நிச்சயம் நிச்சயம் என்று நாலு தடவை சொல்கிறாள். நிச்சயமாகத் தெரிந்தவள் எதற்கடி நாலு தடவை சொல்ல வேண்டும்?

எல்லாமே உசத்தி என்று நினைக்காதே. பத்துப் பாட்டில் ஏழு ஒரே பியானோ, ஒரே மழை, ஒரே செர்ரிப் பூ, கடைசிப் பல்லவிக்கு ஒரு ஸ்ருதி ஏற்றினால் வேலை முடிந்தது. ஜெராக்ஸ் கடை.

இன்னொன்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் உண்மையில் எழுதுகிறேன். மகிஹாரா பாட்டில், உன் பெயருக்கு இன்னும் தபால் வந்துகொண்டிருக்கும்வரை நீ ஏதோ மூலையில் தடுமாறி நிற்பதாகத் தோன்றிக் கவலையாக இருக்கிறது என்று ஒரு வரி. இங்கே வீடு மாறினால் தபால் ஆபீஸில் ஒரு படிவம் கொடுத்தால் போதும், ஒரு வருஷம் இலவசமாகப் புது முகவரிக்குத் திருப்பி அனுப்புவார்கள். டைம்டேபிள் அதைக் கொடுக்கவில்லை, வசு. ரயில் வருவதற்குப் பதினைந்து நிமிஷம் முன்னால் பிளாட்பாரத்தில் நிற்கும் ஆள். மார்ச், ஏப்ரல், மே முழுக்க அவன் பெயருக்கு ஏதாவது வந்துகொண்டே இருந்தது, கண்ணாடிக் கடை விளம்பரம், பென்ஷன் கடிதம். முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம் ஒருநாள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். மறந்திருக்க மாட்டான். அவனும் ஏதோ கலெண்டரைப் படிக்காமல் இருக்கிறான் என்று தோன்றியது. எல்லாவற்றையும் பெரிய கவரில் போட்டு அனுப்பினேன், உள்ளே ஒரு வரிகூட எழுதவில்லை. நீயாக இருந்தால் எழுதியிருப்பாயா? நிஜமாகவே கேட்கிறேன், பதில் போடு.

ஜூன் இரண்டாவது வாரத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. படிவம் கொடுத்துவிட்டான் போல.

பெரிய ஜெயாவிடம் நீயே சொல்லிவிடு, என்னால் இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்ல முடியாது. அம்மாவிடம் மட்டும் வேண்டாம், தீபாவளிக்கு வந்து நானே சொல்கிறேன்.

எரியாத குப்பை இரண்டாவது, நாலாவது புதன். நாளைக்கு நாலாவது புதன், எட்டு மணிக்குள் கீழே கொண்டுபோய் வைக்க வேண்டும். தூங்கப் போகிறேன்டி.

உன்
சுமி