மேரி அக்காவின் ஓர்மை

தக்கலை

அன்புள்ள தாசுக்கு,

பதில் போடவில்லை என்று ஏசாதே. வீட்டில் எல்லோரும் சுகம். மழையும் ரப்பர் விலையும் வழக்கம்போலத்தான். இப்போது எழுதுவது அமெரிக்காவின் அட்லாண்டாவில் மகனோடு இருக்கும் மேரி அக்காவுக்காக.

"வயதானால் மறதி வரும்தான்" என்று அங்குள்ள மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டதாக நீ எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவர் என்றாலும், தெருவின் சீட்டுக் கணக்கு முழுவதையும் தாளில்லாமல் ஓர்மையில் வைத்திருந்து, உன் பாக்கியை ஊரறியச் சொல்லிக் காட்டியவர் அவர். இன்று மீன்குழம்பில் புளி ஊற்றியாயிற்றா என்று மருமகளிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்றால், அதை வயதின் தலையில் கட்டிவிடலாமா?

அந்நாட்டில் இது அக்காவுக்கு மட்டும் நேர்வதன்று. முதிய கறுப்பினத்தவரிடையே டிமென்ஷியா என்னும் மறதி நோய் வெள்ளையரைவிட ஏறக்குறைய இரு மடங்கு காணப்படுகிறது. ஆனால் அங்குள்ள அல்சைமர் (டிமென்ஷியாவில் ஒரு வகை) ஆய்வு மையங்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, நோய் என்று தீர்மானிக்கப்படும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு வெள்ளையரைவிட 35 விழுக்காடு குறைவாக இருந்தது. அப்படித் தீர்மானிக்கப்பட்டவர்களுக்கும் நோய் கூடுதலாக முற்றியிருந்தது. நம்மவரையோ சீனர், பிலிப்பினோக்களோடு சேர்த்து "ஆசியர்" என்று எழுதிவிடுவதால், நம் நிலை தனியாகத் தெரிவதே அரிது.

எல்லாம் இரத்தத்தில் இருப்பது என்று நம் குடை சார் தொடங்குவார். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரக் கறுப்பினத்தவரையும் நைஜீரியாவின் இபாதான் நகர யோருபா மக்களையும் ஒரே முறையில் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள் என்று அவரிடம் சொல். இபாதானில் புதிதாக நோய் காண்போரின் விகிதம் பாதிக்கும் குறைவு. வாழ்ந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இரத்தத்தைப் பழித்து என்ன பயன்?

மறதியை அளக்க 1975இல் வந்த 30 மதிப்பெண் சோதனையில் இது என்ன பருவம் என்று ஒரு கேள்வி உண்டு. ஆனியிலும் ஐப்பசியிலும் மழையைக் கண்டு வளர்ந்தவர் இலையுதிர்காலத்துக்கு எங்கே போவார்? நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னாலோ, அக்கா இன்றைக்கும் மருத்துவரையே திணறடித்துவிடுவார். பள்ளி காணாதவரை நோயாளி என்றும், கணக்கில் ஊறிய நோயாளியை நலம் என்றும் அந்த ஒரே தாள் சொல்லிவிடக் கூடும். இபாதானில் வீட்டாரையும் உட்காரவைத்து, முன்பு எப்படி, இப்போது எப்படி என்று கேட்டது அதனால்தான்.

ஆகவே, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அக்காவின் மகன் கேட்கட்டும். அரசுப் பணம் பெறும் மருத்துவமனைகள் அதைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். அவனே மொழிபெயர்த்தால், தாய்ப்பாசத்தில் விடையைத் திருத்திவிடுவான். அக்கா சீட்டுக் கணக்கை ஓர்மையில் வைத்திருந்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லட்டும். தைராய்டும் பி12 சத்தும் பார்க்கச் சொல்லட்டும், அவற்றின் குறையால் வரும் மறதியைச் சரிசெய்ய வழியுண்டு. மறதி நோயேதான் என்றாலும், அல்சைமருக்கான லெக்கனமாப் போன்ற புதிய மருந்துகள் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே என்பதால், இன்னும் ஓராண்டு பார்ப்போம் என்று இருந்துவிடக் கூடாது.

அக்காவின் மகனிடம் பேசிவிட்டு, அடுத்த பரிசோதனை எப்போது எனத் தெரிந்ததும் எனக்கு எழுது.

உன்
செல்வராஜ்