இன்கா பாதையின் பெயரில் வேறு பாதையைத் திணித்தது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் பெரு பயணத்திற்குப் பதிவு செய்துள்ள வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: ஜூன் மாத மச்சு பிச்சு நடைபயணம் – சம்மதமின்றிப் பாதை மாற்றப்பட்டதும், உயரத்திற்கு உடல் பழகும் நாட்கள் நீக்கப்பட்டதும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பெரு நாட்டில் முற்கால இன்கா மக்கள் மலைமேல் கட்டிய மச்சு பிச்சு நகரத்துக்கு நான்கு நாள் இன்கா பாதை வழியே நடந்து செல்வதற்காக, என் மனைவி, அவருடைய அண்ணன், நான் ஆகிய மூவரும் சென்ற நவம்பரில் தங்கள் நிறுவனத்தில் முழுக் கட்டணத்தையும் செலுத்தி, பாஸ்போர்ட் நகல்களையும் ஒப்படைத்தோம். சென்ற வாரம் தாங்கள் மின்னஞ்சலில் அனுப்பிய இறுதிப் பயணத் திட்டத்தில் பயணத்தின் பெயர் அப்படியே இருக்கிறது. நடக்க வேண்டிய பாதைதான் வேறாக இருக்கிறது. முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்காமல் செய்யப்பட்ட இந்த மாற்றத்தை எங்களால் ஏற்க இயலாது.

நாங்கள் பணம் கட்டியது, கிலோமீட்டர் 82 எனப்படும் ரயில் நிறுத்தத்தின் அருகே உருபாம்பா ஆற்றைக் கடந்து தொடங்கி, 4,215 மீட்டர் உயரமுள்ள வார்மிவானுஸ்கா கணவாயைத் தாண்டி, ரூங்குராகாய், சயாக்மார்கா, புயுபட்டமார்கா, வினாய் வைனா ஆகிய இன்கா இடிபாடுகளைத் தொட்டுக்கொண்டு, இன்டி புங்கு என்னும் சூரிய வாசல் வழியாக மச்சு பிச்சுவுக்குள் இறங்கும் பாதைக்காக. தாங்கள் இப்போது தந்திருப்பது சல்காண்டே பாதை. அது சொராய்பம்பாவிலிருந்து 4,600 மீட்டருக்கும் மேலான ஒரு கணவாயில் ஏறி, காப்பி விளையும் பள்ளத்தாக்குகளில் இறங்கி, கடைசியில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி நடந்து அகுவாஸ் கலியென்டஸ் ஊரில் போய் முடிகிறது. அங்கிருந்து மற்றப் பயணிகளைப் போல நாங்களும் பேருந்தில்தான் மேலே செல்ல வேண்டும். இன்டி புங்கு அந்தப் பாதையிலேயே இல்லை. ஆனால் தாங்கள் அனுப்பிய திட்டத்தின் முகப்பில், இன்டி புங்குவிலிருந்து எடுத்த படம்தான் இன்னமும் இருக்கிறது.

சல்காண்டே மட்டமான பாதை என்று நான் சொல்லவில்லை. 6,271 மீட்டர் உயரப் பனிமலையின் அடிவாரத்தில் நடப்பதற்காகவே அதைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. நாங்கள் தேடியது பனியை அல்ல, கல்வேலையை. இன்காக்கள் பாவிய படிக்கற்களின் மீதே நடந்து, செங்குத்தான ஒற்றைப் படிக்கட்டில் ஏறி, மலைமுனையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சயாக்மார்காவுக்குள் நுழைவதும், வினாய் வைனாவில் மலைச்சரிவோடு வளைந்து இறங்கும் வேளாண் அடுக்குகளுக்கு இடையே, மேலே ஒரு தொகுதியும் கீழே ஒரு தொகுதியுமாக உள்ள வீடுகளை இணைக்கும் நீண்ட படிக்கட்டில், நீர்த்தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கடந்து இறங்குவதும்தான் எங்கள் நோக்கம். இதைப் பதிவின்போதே எழுத்தில் தெரிவித்திருந்தோம்.

தொலைபேசியில் விளக்கம் கேட்டபோது தங்கள் ஊழியர், "ரெண்டும் மச்சு பிச்சுவுக்குத்தானே சார் போகுது" என்றார். பெயரை வைத்துக்கொண்டு சரக்கை மாற்றுவதற்கு இது சமாதானமாகாது. அடுத்து அவர், பிப்ரவரியில் பாதை மூடப்பட்டிருந்ததால் அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை என்று கூறினார். பராமரிப்புக்காக ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் அந்தப் பாதை மூடப்படுவது உண்மையே. ஆனால் பிப்ரவரியில் நடக்கத்தான் தடை. ஜூன் மாதத்துக்கான சீட்டை வாங்குவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. வழிகாட்டிகளையும் சுமைதூக்குவோரையும் சேர்த்தே நாளொன்றுக்கு 500 பேருக்கு மட்டுமே அனுமதி என்பதும், மழையற்ற ஜூன் மாதச் சீட்டுகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும் என்பதும், ஒவ்வொரு சீட்டும் பயணியின் பெயரிலும் பாஸ்போர்ட் எண்ணிலும் வழங்கப்படுவதால் பின்னர் வேறொருவருடையதை வாங்கிச் சரிக்கட்ட முடியாது என்பதும் இத்தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியாதவை அல்ல. அந்த அவசரத்தைச் சொல்லித்தான் நவம்பரிலேயே எங்களிடம் முழுத் தொகையையும் கேட்டு வாங்கினீர்கள். பணத்தையும் பாஸ்போர்ட் நகல்களையும் வாங்கிக்கொண்டு சீட்டுக்கு விண்ணப்பிக்கவே இல்லையா, விண்ணப்பித்தும் கிடைக்காமல் போய், அதை மறைத்தீர்களா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

பாதையைவிட எனக்குக் கவலை தருவது உயரம். பழைய திட்டத்தில், லிமாவிலிருந்து குஸ்கோவுக்கு விமானத்தில் சென்றதும், அங்கு தங்காமல், ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரத்தில் உள்ள ஒயாண்டாய்டம்போவுக்கு இறங்கி இரண்டு இரவுகள் ஓய்வெடுப்பதாக இருந்தது. சல்காண்டேவுக்கு ஒரு நாள் கூடுதலாகத் தேவைப்படுவதால் அந்த ஓய்வைத் தாங்கள் முழுவதுமாக வெட்டிவிட்டீர்கள். புதிய திட்டப்படி, கடல் மட்டத்திலுள்ள லிமாவிலிருந்து வந்து, 3,400 மீட்டர் உயரக் குஸ்கோவில் ஒரே இரவு தூங்கி, விடியுமுன் புறப்பட்டு, அன்று பிற்பகலே 4,200 மீட்டரில் உள்ள உமாந்தாய் ஏரிக்கு ஏறி, 3,900 மீட்டரில் கூடாரத்தில் படுத்து, மறுநாள் காலை கணவாயைக் கடக்க வேண்டும். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதன் உச்சியைவிடக் குஸ்கோவின் தெருக்கள் உயரமானவை. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. என் மைத்துனர் இரத்த அழுத்தத்திற்கு மருந்து உட்கொள்பவர் என்பது தாங்கள் வாங்கிய மருத்துவப் படிவத்திலேயே இருக்கிறது. இதைச் சுட்டிக்காட்டியபோது, "அங்க கோக்கா இலை டீ குடுப்பாங்க சார், சரியாயிடும்" என்று பதில் வந்தது. உள்ளூர் மக்கள் அருந்தும் அந்தத் தேநீர் இதமானதாக இருக்கலாம். ஓய்வு நாளுக்கு அது ஈடாகாது. மலைநோய் முற்றினால் மூளையிலும் நுரையீரலிலும் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும் என்பதை இப்படியொரு திட்டத்தை வகுத்தவர் அறிந்திருந்தாரா?

இவை போதாதென்று, மச்சு பிச்சுவுக்குத் தாங்கள் எடுத்திருக்கும் நுழைவுச்சீட்டுகள் முதலாம் சுற்றுப்பாதைக்கானவை. அந்தச் சுற்றில் மேல் அடுக்குகளில் நின்று நகரத்தைப் பார்க்கலாமே தவிர, அதன் கோயில்களுக்கும் வீடுகளுக்கும் இடையே நடக்க முடியாது. தங்கள் திட்டமோ "நாள் முழுவதும் இடிபாடுகளைச் சுற்றிப் பார்த்தல்" என்கிறது.

ஆகவே பின்வருமாறு கோருகிறேன். கிலோமீட்டர் 104-இல் தொடங்கி வினாய் வைனா, இன்டி புங்கு வழியாகச் செல்லும் ஒரு நாள் இன்கா பாதைக்கு எங்கள் தேதிகளில் சீட்டு இருந்தால், எங்கள் பெயரிலான சீட்டின் நகலைக் காட்டி, ஒயாண்டாய்டம்போ ஓய்வு நாட்களைத் திரும்பச் சேர்த்து, நகருக்குள் நடக்க அனுமதிக்கும் இரண்டாம் சுற்று நுழைவுச்சீட்டுக்கும் ஏற்பாடு செய்து, கட்டண வித்தியாசத்தைத் திருப்பித் தந்தால் அதை ஏற்கிறோம். அது இயலாதெனில், விமானச்சீட்டு ரத்துக் கட்டணம் உட்பட நாங்கள் செலுத்திய முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருகிறோம் என்ற வாய்மொழி உறுதி எங்களுக்கு வேண்டாம்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ், சேவைக் குறைபாட்டுக்காகவும் நியாயமற்ற வணிக நடைமுறைக்காகவும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
மூவரின் சார்பாக,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: கட்டண ரசீது, நவம்பர் மாதப் பயணத் திட்டம், தற்போதைய பயணத் திட்டம், நுழைவுச்சீட்டு நகல்கள்.