சுவரோவியத்தைக் காத்த கைகளுக்கு நன்றி

எங்கள் தெருச்சுவர் ஓவியம் தப்பிவிட்டது. சாரத்தையும் பிரித்தாகிவிட்டது. இனி நன்றி சொல்வதைத் தள்ளிப்போட மனமில்லை.

நிதி தந்தவர்கள், சாரம் கட்டியவர்கள், அனுமதிக்காக அலைந்தவர்கள், இடிக்கக் கூடாதென்று கையெழுத்திட்டவர்கள், மூல நிறங்களை நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய புகைப்படங்களைத் தேடி அனுப்பியவர்கள் அனைவருக்கும் எங்கள் வணக்கம்.

ஒருவரை மட்டும் தனியே சொல்லியாக வேண்டும். யாரும் அழைக்காமலே நின்று பார்த்த கொத்தனார் ஐயா அவர். உதிர்ந்த இடத்தைத் தடவிவிட்டு, "ஈரம் போகாம வண்ணம் வைக்காதீங்க" என்றார். 18 அங்குலச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டினார். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். தாளின் உட்புறம் நீர் முத்துமுத்தாகக் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று பொருள். கோத்திருந்தது. பின்பக்கம் ஏறிப் பார்த்து, மழைநீர்க் குழாயின் மூட்டு விட்டிருப்பதைக் கண்டுபிடித்து அவரே அடைத்தார். கூலி வாங்கவில்லை.

அந்த ஒரு தாள் எதைத் தடுத்தது என்பது சுவரில் வேலை செய்பவர்களுக்குப் புரியும். கசியும் நீர் சிமெண்டிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்து மேலே கொண்டுவருகிறது. அக்ரிலிக் வண்ணப் படலம் ஈரத்தை எளிதில் வெளியே விடாது. உப்பு அதன் பின்னாலேயே படிகமாகி, கொப்புளமாகத் தள்ளி உரித்துவிடும். எத்தனை முறை மேலே பூசினாலும் இதே கதைதான். வெளியே பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த தூரிகையால்தான் தட்டி எடுக்க வேண்டும். புதிய சிமெண்ட் பூச்சுக்கும் 28 நாள் பொறுக்க வேண்டும், அதன் காரத்தன்மை, வண்ணத்துக்கு நிறம் தரும் நிறமிகள் பலவற்றைக் கெடுக்கும். இத்தனைக்கும் காத்திருக்க எங்களுக்குத் துணிவு தந்தது அவர் சொல்தான்.

கலைக்கூடத்துக்குள் இருக்கும் ஓவியத்துக்குக் காவலரும் பராமரிப்பாளரும் உண்டு. தெருச்சுவருக்கு வழிப்போக்கர்கள்தான் எல்லாம். அதைத் தம்முடையதாக நினைத்து ஒருவர் நின்றாரே, பொதுக்கலை எதற்கு என்று கேட்பவர்களிடம் இனி இதைத்தான் சொல்லப்போகிறோம்.

எங்கள் பங்குக்கு ஓர் உறுதி: ஆண்டுதோறும் மழைக்கு முன்பு குழாய் மூட்டுகளையும் சுவரின் மேல்விளிம்பையும் சரிபார்ப்போம். பயன்படுத்திய ஒவ்வொரு வண்ணத்தின் நிறமிக் குறியீட்டையும் (எந்த நிறமி என்று காட்டும் எண்) கலவை விகிதத்தையும் எழுதி, கட்டடத்தாரிடம் ஒரு படி கொடுத்துவைப்போம். இன்னொரு படி கொத்தனார் ஐயாவுக்கு.