அந்த ஒரு கம்பத்தின் நட்டை முறுக்கிக் கொடுங்கள்: எங்கள் மின் பிரிவு அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உதவிப் பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தின் கடற்கரையோர ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். ஊரின் பெயரையும் உங்கள் அலுவலகத்தின் பெயரையும் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்; எழுதினால் முதலில் மாட்டிக்கொள்பவர் கம்பம் ஏறும் லைன்மேனாகத்தான் இருப்பார், அவர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நான் யார், எந்தக் கம்பத்தைச் சொல்கிறேன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். என் நான்கு மனுக்களும் உங்கள் மேசைமீதோ மேசைக்கு அடியிலோ இருக்கின்றன. சென்ற வாரம் நான்காவது மனுவுக்கும் 'தங்கள் புகார் நிவர்த்தி செய்யப்பட்டது' என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. அதை நான் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், மேசையிலிருந்த வானொலி அதே பழைய இரைச்சலில் கொதித்துக்கொண்டிருந்தது. ஆகவே ஐந்தாவது மனுவை நாலு பேர் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

நான் ஹாம் ரேடியோக்காரன்: அரசு உரிமம் வாங்கி, சொந்தக் கருவியில் தூர ஊர்க்காரர்களுடன் வானொலி அலையில் பேசுபவன். என் வானொலியில் கொதிக்கும் இரைச்சல் உங்கள் கம்பத்திலிருந்து வருகிறது. கேட்பது ஒன்றுதான். கடற்கரைச் சாலையில் செல்லும் 11 கிலோவோல்ட் லைனில் அந்த ஒரு கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கானைப் பார்த்து, கழன்றிருக்கும் நட்டை முறுக்கி, தேவைப்பட்டால் பீங்கானை மாற்றித் தாருங்கள்.

இரைச்சல் என்றால் எவ்வளவு என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, அதற்கு விடை சொல்கிறேன். ஹாம் ரேடியோவில் வந்து சேரும் அலையின் வலிமையைக் காட்ட ஒரு முள் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, யாரும் பேசாத அலைவரிசையில் அந்த முள் எஸ்-2 என்ற இடத்தில் கிடக்கும். இப்போது எஸ்-9இல் ஏறி நிற்கிறது. இந்த அளவுகோலில் ஒரு படி ஏறினால் திறன் நான்கு மடங்காகும். நான்கை ஏழு முறை பெருக்கிப் பாருங்கள்: 16,384. என் காதுக்கும் உலகத்துக்கும் நடுவே நிற்கும் சுவர் அத்தனை மடங்கு உயர்ந்திருக்கிறது. விடுமுறைக்கு வந்த பேத்தி ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, "பாட்டா, உள்ள யாரோ அப்பளம் பொரிக்காங்க" என்றாள். பொறியியல் படித்த எவரும் இதைவிடச் சரியாக அதை விவரித்துவிட முடியாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒரு முறையும் கீழே ஒரு முறையும் உச்சத்தைத் தொடுகிறது. ஒவ்வோர் உச்சத்திலும் எங்கோ ஒரு மயிரிழை இடைவெளியில் பொறி தாவுகிறது. நொடிக்கு நூறு பொறிகள். அதுதான் அந்த அப்பளம்.

பழியை உங்கள்மீது போடுவதற்கு முன்பு என் வீட்டைத்தான் முதலில் சந்தேகித்தேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கார் பேட்டரியில் வானொலியை ஓட்டினேன், முள் அசையவில்லை. பிறகு பழைய டிரான்சிஸ்டரை மீடியம் வேவில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். மீடியம் வேவில் இரைச்சல் லைன் நெடுகக் கம்பிமேலேயே ஓடிவரும், எந்தக் கம்பம் என்று பிடிபடாது. அலைவரிசை உயர உயரத்தான் இடம் சுருங்கும். ஆகவே 144 மெகாஹெர்ட்சுக்கு மூன்று அலுமினியக் குழாய்களில் அலை வரும் திசையைக் காட்டும் ஒரு யாகி ஆன்டெனா கட்டி, அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு மூன்று மாலை வேளைகள் அலைந்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் சாருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள், அந்தக் கம்பத்தின் அடியில் நின்று ஆன்டெனாவை மேலே திருப்பியபோது இரைச்சல் காதைக் கிழித்தது. அடுத்த கம்பத்தில் பாதியாகக் குறைந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வரும் ஆடிக் காற்றில் கம்பி ஆடும்போதெல்லாம் அது விட்டு விட்டு வரும். நல்ல மழை பெய்தால் அந்த இடைவெளியை ஈரம் அடைத்து முள் எஸ்-2க்கே இறங்கிவிடும். இரண்டு நாள் வெயிலடித்தால் திரும்ப ஏறிவிடும். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்து, பீங்கானின் தண்டுக்கும் கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கும் இடையே பிடிமானம் விட்டுப்போயிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. வேறு வேலையாக வந்த லைன்மேன் ஒருவரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆமா அண்ணாச்சி, நட்டு கழன்றுதான் கெடக்கு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றார். சொல்லவில்லை. யார் என்று சொல்லவில்லை.

முதல் மனுவுக்கு, கேபிள் டிவிக்காரரைப் பாருங்கள் என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, வீட்டில் மின்சாரம் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டார்கள்; இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன், அப்படியானால் புகார் இல்லை என்று முடித்துவிட்டார்கள். மூன்றாவதற்கு, மொட்டைமாடியிலிருக்கும் ஏரியலைக் கழற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே என்று ஓர் அன்பர் யோசனை கூறினார். பல்வலிக்கு வாயை மூடிக்கொள்ளச் சொன்னதுபோல் இருந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காக நீங்கள் மின்சாரத்தை நிறுத்தும் நாளில் மட்டும் நான் பேட்டரியை இணைத்துக்கொண்டு ஆனந்தமாக உட்கார்ந்திருக்கிறேன். இந்த மாவட்டத்தில் மின்தடை அறிவிப்பைக் கல்யாணப் பத்திரிகைபோல வாங்கிப் படிக்கும் நுகர்வோர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, சென்ற ஆடி மாதம் வரை.

இலங்கையின் காலியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு மேலாக ஏறத்தாழ 370 கிலோமீட்டர். பத்தொன்பது ஆண்டுகளாகக் காலை ஆறு மணிக்கு, 7 மெகாஹெர்ட்சில், எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்பும் மோர்ஸ் சாவியில் பத்து நிமிடம் பேசிக்கொள்வோம். பேச்சில் பெரிதாக ஒன்றும் இருக்காது: அங்கே மழை, இங்கே காற்று, கீரை விலை, முழங்கால் வலி. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. விரல் போகவில்லை. வாயால் மகளிடம் சொல்ல முடியாததைச் சாவியில் என்னிடம் சொல்வார். அவர் வைத்திருப்பது ஐந்து வாட் கருவி, ஒரு சிறிய எல்.இ.டி. பல்பு எடுத்துக்கொள்ளும் அளவு. எஸ்-2 இரைச்சலில் அது எனக்குத் தெளிவாகக் கேட்கும். எஸ்-9இல் கேட்காது.

அன்று காலை காற்று பலமாக இருந்தது. அவருடைய அழைப்பு வந்தது. பழகிய கை என்பதால் இரைச்சலுக்கு அடியிலும் அடையாளம் தெரிந்தது. பிறகு வந்ததில் 'மருத்துவமனை' என்ற சொல் கிடைத்தது. ஒரு கிழமையின் பெயர் பாதி கிடைத்தது. மீதியெல்லாம் அப்பளம். மறுபடி அனுப்புங்கள் என்று கேட்டேன். அனுப்பினார். மறுபடியும் கேட்டேன். நான்கு முறை, ஒவ்வொரு முறையும் இன்னும் மெதுவாக, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு அந்த மனிதர் அனுப்பினார். கை சோர்ந்துகொண்டே வருவது புள்ளிகளின் நீளத்திலேயே தெரிந்தது. கடைசியில் 73 என்று அடித்து நிறுத்திவிட்டார். டா-டா-டி-டி-டிட், டி-டி-டி-டா-டா. எங்கள் மொழியில் அதற்கு அன்பு வணக்கம் என்று பொருள். அது மட்டும் முழுதாகக் கேட்டது.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பேச முடியாதவருக்குத் தொலைபேசியில் என்ன கேட்பது என்று தயங்கித் தயங்கி, பதினோராவது நாள் அவர் மகளை அழைத்தேன். சிறிய அறுவை சிகிச்சை, நலமாக இருக்கிறார் என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "உங்களுக்கு அப்பாமேல் ஏதாவது வருத்தமா என்று கேட்கச் சொன்னார். அன்றைக்கு நீங்கள் சரியாகப் பதில் சொல்லவில்லையாமே" என்றார். உங்கள் நட்டைப் பற்றி அந்தப் பெண்ணிடம் நான் எப்படி விளக்குவது?

இன்னொன்றும் இருக்கிறது, அது என் சொந்தப் பேராசை என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியனில் கரும்புள்ளிகள் பெருகிக் குறைவது சுமார் பதினோராண்டுச் சுற்று. சூரியன் இந்தச் சுற்றின் உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. இப்படிப்பட்ட ஆண்டுகளில் வானொலி அலையைத் தரைக்குத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் அடர்ந்து, 21, 28 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் திறந்துகொள்ளும். சில வாட்டில் குமரிக் கரையிலிருந்து தென் அமெரிக்காவுடன் பேசலாம். 1982இல் இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாகினி தொடங்கிய பிறகு, இந்தக் கடற்கரைப் பக்கங்களில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி, கடலைத் தாண்டி வந்த அந்தப் புள்ளிப் புள்ளிப் படத்தைத் தெருவே கூடிப் பார்த்ததை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடல்மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும் இரவுகளில் இன்றும் இலங்கை எஃப்.எம். நிலையங்கள் உள்ளூர் நிலையம்போல வந்து விழுகின்றன. அலைக்கு இப்படி வாகான கரை எல்லோருக்கும் வாய்த்துவிடாது. எனக்கு அறுபத்து மூன்று வயது. அடுத்த உச்சம் வரும்போது எழுபத்தைந்தை நெருங்கியிருப்பேன், காது இருக்குமோ என்னவோ. இந்த உச்சம் எனக்கு அப்பளச் சத்தத்திலேயே கழிந்துகொண்டிருக்கிறது.

இது வேலையில்லாதவர் பொழுதுபோக்குதானே என்று உங்களுக்குத் தோன்றலாம். பொழுதுபோக்குதான், மறுக்கவில்லை. ஆனால் மத்திய அரசின் தேர்வு எழுதி, மோர்ஸ் அடித்துக் காட்டி, காவல்துறை விசாரணை முடிந்து, கட்டணம் கட்டி நான் வாங்கிய பொழுதுபோக்கு. 2004 டிசம்பரில், மணக்குடிப் பாலத்தை அடித்துக்கொண்டுபோன அதே அலை அந்தமானையும் துண்டித்தபோது, தற்செயலாக போர்ட் பிளேரில் கருவியுடன் இருந்த ஹாம் வானொலியாளர் பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும்தான் பலருடைய செய்திகளை வெளியே கொண்டுவந்தார்கள். 2017 நவம்பர் 30இல் ஒக்கி வந்தபோது இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து, கைப்பேசியும் மின்சாரமும் இல்லாமல் நாம் எத்தனை நாள் கிடந்தோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புயல் வந்தால்தான் எங்கள் நினைவு வருகிறது; புயல் போனதும் ஏரியலைக் கழற்றச் சொல்கிறார்கள். போதாக்குறைக்கு, தெருவிளக்கு முதல் கைப்பேசி சார்ஜர் வரை இப்போது வரும் மலிவுச் சாமான்களில் இரைச்சலை வடிகட்ட வேண்டிய பாகங்களைக் காசு மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். யாரும் சோதிப்பதில்லை, யாரும் கேட்பதுமில்லை, காற்றில் குப்பை கொட்டினால் கண்ணுக்குத் தெரியாதல்லவா?

மன்னிக்கவும், சார்ஜருக்கு நீங்கள் பொறுப்பல்ல. அதே ஒக்கியின்போது வெளி மாவட்டங்களிலிருந்து வந்த உங்கள் துறை ஊழியர்கள், கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, ரப்பர் தோட்டங்களுக்குள் கம்பம் சுமந்து சென்றதைக் கண்ணால் பார்த்தவன் நான். அவர்களால் முடியாத வேலை எதையும் நான் கேட்கவில்லை.

உங்கள் தரப்புக்கும் இதில் ஆதாயம் உண்டு என்பதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். இன்று பொறி தாவும் இடம் நாளை தேய்ந்து, கருகி, பீங்கான் பிளக்கும். கம்பி அறுந்து விழுந்தால் அந்தச் சாலையில் டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளும் அதிகாலையில் வலை சுமந்து செல்பவர்களும் இருப்பார்கள். பழுது வருவதற்கு முன்பே அதைக் காதால் கண்டுபிடித்துச் சம்பளமில்லாமல் சொல்கிற ஓர் ஆள் உங்களுக்குக் கிடைத்திருக்கிறான். அவனை ஏன் கேபிள்காரரிடம் அனுப்புகிறீர்கள்?

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: அந்த ஒரு கம்பத்தின் பீங்கானைப் பார்த்து, நட்டை முறுக்கித் தாருங்கள். இதற்கெனத் தனியாக ஆள் அனுப்ப வேண்டாம். அடுத்த மாதாந்திர மின்தடை அன்று உங்கள் வண்டி எப்படியும் அந்தச் சாலைக்கு வரும். கம்பத்தின் எண் நான்கு மனுக்களிலும் இருக்கிறது. எண் அழிந்துபோயிருந்தால், காக்கை கூடு கட்டியிருக்கும் கம்பத்துக்குத் தெற்கே அடுத்தது. வேலை முடிந்து லைனில் மின்சாரம் விட்ட ஐந்தாவது நிமிடத்தில், முள் எங்கே நிற்கிறது என்று நானே அலுவலகத்துக்கு வந்து எழுத்தில் கொடுத்துவிடுகிறேன். அதன் பிறகு அந்தக் குறுஞ்செய்தியை அனுப்புங்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு அதைக் காலிக்கும் சொல்லிவிடுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள நுகர்வோர்,
ஹாம் வானொலியாளர் ஒருவர்
(மின் இணைப்பு எண் மனுக்களில் உள்ளது)