டிப்போ பார்த்த வேலை இனி உன்னுடையது

மதுரை

அன்புள்ள பாஸ்கரா,

கடிதம் கிடைத்தது. பெரியவளுக்குக் கோவையில் இடம் கிடைத்த செய்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், ரொம்ப சந்தோஷம் அவருக்கு. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. இப்போது பேப்பரை அவரே கையில் வைத்துப் படிக்கிறார்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் மச்சினன் மஸ்கட் போனதிலிருந்து எட்டு மாதமாக உன் வீட்டு வாசலில் நிற்கிற அவருடைய 2019 ஸ்ப்ளெண்டர் பைக்கை எடுத்து, தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூர் ஆபீசுக்கு ஓட்டலாமா என்கிறாய். தாராளமாக ஓட்டலாம். ஆனால் இத்தனை வருஷம் நீ ஏறி உட்கார்ந்த பஸ்ஸுக்குக் காற்று பார்த்து, பிரேக் பார்த்து, ஆயில் மாற்றியது டிப்போ. நீ தூங்கும் நேரத்தில் யாரோ செய்த வேலை அது. சொந்தமாக வண்டி ஓட்டத் தொடங்கும் நாளிலிருந்து அந்த வேலை முழுக்க உன் தலையில். அதற்கு நேரம் ஒதுக்க முடியும் என்றால் மட்டும் மாறு.

காசு மிச்சமாகும் என்ற கணக்கில் மாறாதே. ஒரு வழி 18 கிலோமீட்டர் என்று வை. போய்வர 36, மாதம் 25 நாள் என்றால் 900 கிலோமீட்டர். மேடவாக்கம் நெரிசலில் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தால்கூட 18 லிட்டர் ஆகும். சென்னையில் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டதால் பெட்ரோலே 1,800 ரூபாய்க்கு மேல் போகும். உன் 1000 ரூபாய் பஸ் பாஸைவிட இதுவே அதிகம். ஆயில், செயின், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் இதற்கு மேல். வண்டியால் உனக்கு மிச்சமாவது நேரம்தான். கேம்ப் ரோட்டிலும் மேடவாக்கத்திலும் பஸ்ஸுக்காக நிற்கிற நேரம் அது. உன் வயதில் அதற்குப் பெரிய மதிப்பு உண்டு.

சாவியைத் தொடும் முன் காகிதங்களைப் பார். 2018 செப்டம்பரிலிருந்து விற்ற புது டூவீலருக்கெல்லாம் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே கட்டியாக வேண்டும். 2019-இல் வாங்கிய வண்டிக்கு அது 2024-இல் முடிந்திருக்கும். வருஷா வருஷம் புதுப்பிக்கும் பழக்கம் இல்லாததால் நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. 75 முதல் 150 சிசி வண்டிக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த அடிப்படைக் கட்டணம் வருஷத்துக்கு 714 ரூபாய், வரி தனி. இவ்வளவு சின்னத் தொகையைக் கட்டாமல் விட்டு, ஒரு ஆள்மேல் இடித்துவிட்டால் நஷ்டஈடு முழுக்க உங்கள் குடும்பத்தின் தலையில் விழும். இன்னொன்று, அந்த பாலிசியோடு வரும் தனிநபர் விபத்துக் காப்பீடு ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான். இரவல் வாங்கி ஓட்டுகிற உனக்கு அது கிடையாது. அதனால் தினமும் நீதான் ஓட்டப்போகிறாய் என்றால், மச்சினன் ஊருக்கு வரும்போது படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி வண்டியை உன் பெயருக்கு மாற்றிவிடு. வண்டிமேல் கடன் இருந்ததா என்று ஆர்.சி.யில் பார். பேங்க் பெயர் இன்னும் அதில் இருந்தால் கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35-உம் வேண்டும்.

லைசென்சின் தேதியையும் பார். நாம் எடுத்த காலத்து விதிப்படி அது 20 வருஷம் அல்லது 50 வயது, எது முந்தி வருகிறதோ அதுவரைதான் செல்லும். முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி டெஸ்ட், மறுபடி எட்டு போட்டுக் காட்ட வேண்டும்.

இனி வண்டி. எட்டு மாதம் நின்ற வண்டியைக் கிக்கரை உதைத்து எழுப்பிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும். வேண்டாம். முதலில் பெட்ரோல் குழாயை மூடு. டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை வடித்துவிடு. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், நாள்பட நின்றால் டேங்கின் அடியில் துரு பிடிக்கும். டார்ச் அடித்து உள்ளே பார். செம்மண் நிறம் தெரிந்தால் டேங்கைக் கழுவாமல் புதுப் பெட்ரோல் ஊற்றாதே. அடுத்து கார்பரேட்டர். அடிக்கிண்ணத்தில் ஒரு வடிகால் திருகு இருக்கும், அதைத் தளர்த்திப் பழையதை வெளியே விடு. சோக் போட்டால் மட்டும் ஸ்டார்ட் ஆகி, சோக்கை எடுத்ததும் அணைந்தால், அதிலுள்ள சிறிய ஜெட் என்ற துளையில் பெட்ரோல் காய்ந்து பிசினாக அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மெக்கானிக் அதைக் கழற்றி கிளீனர் அடித்து, காற்று விட்டுச் சுத்தம் செய்யட்டும். கம்பியை விட்டுக் குத்த விடாதே. ஓட்டை ஒரு நூல் பெரிதானாலும் மைலேஜ் போய்விடும், திரும்ப வராது.

ஆயிலை ஓடாத வண்டி என்றாலும் மாற்று. 10டபிள்யூ-30, டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று இருக்க வேண்டும். கார் ஆயில் கூடாது. பைக்கில் கிளட்ச் பிளேட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது, கார் ஆயிலில் உள்ள வழுக்கும் சேர்மானத்தால் பிளேட் நழுவும். ஒரு லிட்டர் டப்பா போதும், முழுதும் பிடிக்காது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பார். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது.

டயரின் மேல்பக்கப் பள்ளம் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகாதே. பக்கவாட்டில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. நின்ற வண்டியில் டயர் பார்க்கப் புதிது போலவே இருக்கும், ஆனால் ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஈர ரோட்டில் அது பிடிக்காது. பக்கவாட்டில் மயிரிழை போல வெடிப்பு தெரிந்தால் யோசிக்காமல் இரண்டையும் மாற்று, டியூப் இருந்தால் அதையும் சேர்த்து.

பிரேக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார். ஸ்ப்ளெண்டருக்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக். பின் சக்கரத்தில் பிரேக் கம்பி வந்து இழுக்கும் சின்ன இரும்புக் கை ஒன்று இருக்கிறது அல்லவா, அது மாட்டியிருக்கும் அச்சில் ஒரு அம்புக்குறி இருக்கும். அதன் எதிரே டிரம் மூடியில் ஒரு கோடு. யாரையாவது பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லிவிட்டு நீ குனிந்து பார். அம்பு கோட்டைத் தொட்டுவிட்டால் உள்ளே இருக்கும் பிரேக் லைனிங் தேய்ந்து முடிந்தது. அதற்குப் பிறகும் பிரேக் கம்பியின் நட்டை முறுக்கிக்கொண்டே போனால் பெடல் மட்டும் கெட்டியாகத் தெரியும், வண்டி நிற்காது. முன் சக்கரத்திலும் இதே அடையாளம் உண்டு. வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டப்போகிறாய், இந்த ஒரு பார்வையை மாதம் ஒருமுறை வைத்துக்கொள்.

செயின் முழு மூடிக்குள் இருப்பதால் கண்ணில் படாது, அதனாலேயே மறந்துபோகும். மூடியின் கீழ்ப்பக்கம் ஒரு ரப்பர் தக்கை இருக்கும், அதைப் பிடுங்கு. நியூட்ரலில், விரலால் செயினை மேலும் கீழும் அசை. 20-லிருந்து 30 மில்லிமீட்டர் ஆட்டம் சரி. சக்கரத்தைக் கால் சுற்று சுற்றிவிட்டு மறுபடி பார், ஒரு இடத்தில் இறுக்கமும் இன்னொரு இடத்தில் தொய்வுமாக இருந்தால் செயின் தேய்ந்துவிட்டது, இழுத்துக் கட்டிப் பயனில்லை. ஸ்ப்ராக்கெட் என்ற பல் சக்கரங்களோடு செட்டாக மாற்ற வேண்டும். புதுச் செயினைப் பழைய பல்லில் மாட்டினால் அதுவும் சீக்கிரம் கெடும். சரியாக இருந்தால் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர் ஆயில் விடு. உனக்கு அது ஏறக்குறைய 14 வேலை நாள். மழையில் நனைந்து வந்தால் அன்றைக்கே. சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டுச் செயினில் கை வைத்தால் விரல் போய்விடும்.

காற்று வாரத்துக்கு ஒருமுறை, காலையில், வீட்டுக்கு மிக அருகிலிருக்கும் பங்கில். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். தனியாகப் போவதற்கு முன் சக்கரத்தில் 25 பிஎஸ்ஐ, பின் சக்கரத்தில் 28. தங்கச்சியைப் பின்னால் உட்கார வைத்தால் பின்னால் கூட்ட வேண்டும், அந்த அளவு வண்டியிலேயே ஸ்டிக்கரில் இருக்கும். அவளுக்கும் ஹெல்மெட் வேண்டும். ஃபுல் ஃபேஸாக, ஹெல்மெட்டுக்கான ஐஎஸ் 4151 தர முத்திரையோடு வாங்கு. மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிப் பார், ஹெல்மெட்டோடு சேர்ந்து கன்னத்துத் தோலும் அசைய வேண்டும். தனியாகச் சுழன்றால் அது உன் அளவு இல்லை. பட்டைக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் போக வேண்டும். இரவில் கறுப்புக் கண்ணாடி வேண்டவே வேண்டாம்.

ரோட்டில் உனக்கு ஒரு பலம் இருக்கிறது. பஸ்ஸுக்குள்ளிருந்து எல்லாம் பார்த்தவன் நீ. ஸ்டாப்புக்கு முன்னாலேயே, சிக்னலில் பஸ் நின்றதும் எத்தனை பேர் இடப்பக்கம் குதிக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். அந்த இடைவெளியில் வண்டியை விடாதே. பஸ் இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஓரத்தில் நிற்கும் பைக்கை அது நசுக்கிவிடும். டிரைவரின் கண்ணாடியில் அவர் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீ தெரியமாட்டாய்.

மேடவாக்கம் தாண்டி பெரும்பாக்கம் வரை மெட்ரோ வேலை நடக்கும் ரோடு. குழியை மூடிப் போட்ட இரும்புத் தகடும், தடுப்போரத்து மணலும், தண்ணீர் லாரி சிந்திக்கொண்டு போகிற ஈரமும்தான் அங்கே ஆளைச் சாய்ப்பவை. தகட்டின்மேல் ஏறும்போது வண்டி நேராக இருக்கட்டும், பிரேக்கும் வேண்டாம், ஆக்சிலரேட்டரைத் திருகவும் வேண்டாம். வேகத்தை அதற்கு முன்பே குறைத்துவிடு. நேர் ரோட்டில் இரண்டு பிரேக்கும் சேர்ந்தே பிடிக்க வேண்டும், நிற்கும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். ஆனால் மணலில் திரும்பும்போது முன் பிரேக்கைத் தொட்டால் அடுத்த நொடி தரையில் இருப்பாய். நெரிசலில் ஹாஃப் கிளட்சில் ஊர்ந்துகொண்டே இருக்காதே. நிற்க வேண்டியிருந்தால் நியூட்ரலுக்கு வந்து கிளட்ச்சை விட்டுவிடு. பிளேட்டும் கேபிளும் நீடித்து உழைக்கும், உன் மணிக்கட்டும் வலிக்காது.

மழைக்கு மேல்சட்டை, பேன்ட் எனத் தனித்தனியாக இருக்கும் ரெயின்கோட் வாங்கு. போர்வை மாதிரிப் பறக்கிறது சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். முதல் மழையின் முதல் அரை மணி நேரம் ரோட்டில் படிந்த ஆயில் மேலே வரும், அப்போது ஓரமாக ஒதுங்கி நில். பெரும்பாக்கத்திலும் பள்ளிக்கரணையிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் நின்ற உயரம் உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சக்கரத்தின் நடு அச்சை மூழ்கடிக்கும் தண்ணீரில் இறங்காதே. இறங்கி வண்டி அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதே. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், நீரை அமுக்க முடியாமல் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு போ. ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, மாற்றிவிட்டுத்தான் இன்ஜினைத் தொட வேண்டும். தண்ணீரைத் தாண்டி வந்தால் டிரம் நனைந்திருக்கும். மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக மிதித்து மிதித்துக் காயவிடு.

பஸ் பாஸை முதல் இரண்டு மாதம் நிறுத்தாதே. கனமழை நாள், உடம்பு முடியாத நாள், ராத்திரி சரியாகத் தூங்காத நாள் எல்லாம் பஸ்தான். மாதவரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக சோழிங்கநல்லூர் வரும் மெட்ரோ ஓடத் தொடங்கினால், மேடவாக்கம் வரைக்கும் வண்டி, அப்புறம் ரயில் என்று வைத்துக்கொள். அந்த மோசமான பாதி ரோட்டில் நீ ஓட்ட வேண்டியிருக்காது.

இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவி, ஆர்.சி.யின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. கூடவே இரண்டு டயரிலும் இருக்கும் அந்த நான்கு எண்ணையும், பிரேக் மிதித்தபோது அம்பு எங்கே நின்றது என்பதையும் எழுது. எதை மாற்ற வேண்டும், எதை விடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
செல்வம்