மகளுக்கு: நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் இருந்து தொடங்கு

அன்புள்ள மகளுக்கு,

கனடாக் கற்கைகளில் உன் கடைசி வருட ஆய்வுக்கு எதை எடுக்கலாம் என்று தொலைபேசியில் கேட்டாய். வேலைக்குப் போகும் அவசரத்தில் பிறகு சொல்கிறேன் என்றுவிட்டேன். இன்று லீவு. ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

1986 இல் கனடாவின் கிழக்குக் கரையோரம், நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் மிதந்து வந்த எங்கள் இலங்கைத் தமிழ் அகதிகளின் படகுகளை எடு. உன் பேராசிரியர் அதைச் சொன்னபோது, தமிழ்ப்பிள்ளை என்றால் தமிழரைப் பற்றித்தான் எழுத வேண்டுமா என்று உனக்குச் சுருக்கென்றிருக்கிறது. நியாயமான கோபம்தான். ஆனால் அந்தப் படகுகளின் பின்னால் விடாமல் போனாயென்றால் அது தமிழரோடு நிற்காது. கனடா முழுவதும் அதற்குள் வந்துவிடும்.

அதற்கு முதல் ஒரு விஷயம். பெரியமாமா போன கிழமையும் கேட்டார், "கனடாவில இருந்துகொண்டு கனடாவைப் படிக்க என்ன இருக்கு?" என்று. அறுபதுகளில் இங்கிருந்த பல்கலைக்கழகங்களே ஏறத்தாழ அப்படித்தான் நினைத்தன. இலக்கியம் என்றால் பெரும்பாலும் இங்கிலாந்து, அமெரிக்கா. சமூகவியலுக்கும் அமெரிக்கப் பாடநூல்கள். ஒட்டாவாவில் கார்ல்டன் பல்கலைக்கழகம் 1957 இலேயே கனடாக் கற்கைகளுக்கு ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தாலும் மற்ற இடங்களில் அக்கறை குறைவு. 1972 இல் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஓர் ஆணைக்குழுவை அமைத்து, உன்னுடைய ட்ரென்ட் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் ரொம் சைமன்ஸிடம் பொறுப்பைக் கொடுத்தது. 1975 இல் வந்த அவருடைய அறிக்கை, அநேகமாக எல்லாத் துறைகளிலும் இந்த நாடு கவனிக்கப்படாமல் கிடக்கிறது என்று எடுத்துச் சொன்னது. தேசப்பெருமைக்காகப் படிக்கச் சொல்லவில்லை அவர். தன்னை அறியாத சமூகம் தன் பிரச்சினைகளைத் தீர்க்க முடியாது என்பதுதான் அவருடைய நியாயம். இதை மாமாவுக்கும் சொன்னேன். வேலையைப் பற்றியும் கேட்டார். ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், மத்திய அரசின் திணைக்களங்கள், சட்டப்படிப்பு, ஆசிரியத் தொழில் என்று வழிகள் இருக்கின்றன என்றேன். அவருக்குத் திருப்தி வந்ததோ தெரியாது. நீ அதை மனதில் போட்டுக் குழப்பாதே.

இனிப் படகுகளுக்கு வருவோம். 1986 ஆகஸ்ட் 11 ஆம் திகதி, செயின்ட் ஷாட்ஸ் என்ற சின்ன மீனவர் ஊருக்கு அப்பால், மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள். அவற்றில் 155 தமிழர்கள். கண்டெடுத்தவர்கள் அந்தக் கரையின் மீனவர்கள், கஸ் டால்டன் என்ற படகோட்டி அவர்களில் முன்னால் நின்றவர். வந்தவர்கள் முதலில் இந்தியாவில் இருந்து நேரே வந்ததாகச் சொன்னார்கள். பிறகுதான் மேற்கு ஜெர்மனியில் கப்பல் ஏறியவர்கள் என்று தெரிந்தது. பத்திரிகைகளில் கோபம் கிளம்பியது, வரிசையைத் தாண்டி வந்தவர்கள், பொய் சொன்னவர்கள் என்று. பிரதமர் மல்ரோனி திருப்பி அனுப்ப மாட்டோம் என்று நின்றார். ஒரு வருட அனுமதி கிடைத்து, ஆட்கள் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் கூட்டங்களில் இந்தக் கதையை இந்த இடத்தில் முடித்து, நன்றி சொல்லி, கைதட்டி, சிற்றுண்டிக்குப் போய்விடுவோம். நீ இந்த இடத்தில் இருந்து தொடங்கு.

காப்பாற்றிய மீனவர்கள் யார்? அந்த வருடங்களில் அவர்களுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது? கரையோரமாகச் சின்னப் படகில் தொழில் செய்தவர்கள், எண்பதுகளின் நடுவிலேயே கத்தத் தொடங்கிவிட்டார்கள்: கொட் மீன் குறைகிறது, படுகிற மீனும் வரவர சின்னனாகிறது என்று. மத்திய அரசின் விஞ்ஞானிகளுடைய கணக்கு வேறு மாதிரிச் சொன்னது. கடலில் மீன் இருக்கிறது என்றது. ஆழ்கடலில் பெரிய இழுவைக் கப்பல்கள் மீன் செறிந்து நிற்கும் இடங்களைத் தேடித் தேடிப் பிடித்தன. அந்தப் பிடியையும் வைத்துக் கணக்குப் போட்டபோது கடல் நிறைந்திருப்பது போலத் தெரிந்தது. கடைசியில் 1992 ஜூலை 2 ஆம் திகதி மீன்பிடி அமைச்சர் ஜோன் கிராஸ்பி கொட் மீன்பிடியை நிறுத்தினார். அவரே அந்த மண்ணில் பிறந்தவர். ஏறத்தாழ 30,000 பேருக்கு வேலை போனது. இரண்டு வருடத்துக்கு என்று சொன்ன தடை 2024 இல்தான் நீங்கியது.

மகள், நான் யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரன். 1990 இல் எங்கள் துறைமுகம் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனபோது, வள்ளம் வைத்திருந்தவர்கள் அடுத்தவன் ஊரில் கூலிக்கு வலை இழுத்தார்கள். உன் அப்பப்பா அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. கனடாவுக்கு வந்த புதிதில் தொலைக்காட்சியில் அந்த நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் அமைச்சரைக் காணவேண்டும் என்று கதவை இடித்ததைப் பார்த்தேன். ஆங்கிலம் பாதிதான் விளங்கியது. கையில் தொழில் இருக்க, கடலுக்குப் போகாதே என்று சொன்னால் ஒரு மனிதனுக்கு என்ன நடக்கும் என்பது எனக்கு ஆங்கிலம் இல்லாமலே விளங்கும்.

இதை எந்த வகுப்பில் வைத்துப் படிப்பாய்? பொருளியலில் வைத்தால் வேலை இழப்பு. உயிரியலில் வைத்தால் மீன் தொகை. அரசியலில் வைத்தால் ஒட்டாவாவுக்கும் மாகாணத்துக்கும் இடையிலான இழுபறி. மீனவனுக்குத் தெரிந்தது ஏன் கணக்கில் ஏறவில்லை என்ற கேள்வி இவற்றுக்கு நடுவில் விழுந்து கிடக்கிறது. பல துறைகளைச் சேர்த்துப் படிக்கும் உன்னைப் போன்ற பிள்ளை குனிந்து எடுக்க வேண்டிய கேள்வி அது.

அந்தக் கரைக்கு இன்னும் பழைய சொந்தக்காரர்கள் இருந்தார்கள். பியோதுக் மக்கள். ஐரோப்பியர் கரையெல்லாம் குடியேறியதும் அவர்களுக்குக் கடலுக்குப் போகும் வழி அடைபட்டது. மீனும் கடல்நாயும் கடற்பறவையும் இல்லாமல் உட்பகுதிக் காடுகளில் பட்டினி கிடந்தார்கள். காசநோயும் கொலைகளும் மிச்சத்தை முடித்தன. அவர்களில் கடைசியாக அறியப்பட்டவர் ஷானாடிதித் என்ற பெண், 1829 இல் செயின்ட் ஜோன்ஸில் இறந்தார். இறப்பதற்கு முந்தைய மாதங்களில் அவர் வரைந்த படங்கள் இருக்கின்றன. ஏரி, முகாம், தன் ஆட்கள் எந்தப் பக்கத்தால் நடந்தார்கள், எங்கே கொல்லப்பட்டார்கள் என்று கோடுகளாலே காட்டியிருக்கிறார். வரலாற்று வகுப்பில் அது சான்று, புவியியலில் வரைபடம், கலை வகுப்பில் ஓவியம். அதை ஒரு நாள் முழுக்க வைத்துப் பார். வேறு எதுவும் வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை.

இந்த இடத்தில் ஒரு கவனம். எங்களுக்கும் கரை பறிபோனது, அவர்களுக்கும் பறிபோனது, ஆகவே இரண்டும் ஒன்று என்று எழுதிவிடாதே. மயிலிட்டித் துறைமுகம் 2017 இல் திரும்பக் கிடைத்தது. சித்தப்பா போய் நின்று படம் எடுத்து அனுப்பினார். பியோதுக் மக்களுக்கு அப்படிப் போய் நிற்க யாரும் இல்லை என்றுதான் உலகம் நெடுங்காலம் சொன்னது. தங்களுக்குள் அந்த வம்சம் இருக்கிறது என்று மிக்மாக் என்ற இன்னொரு பூர்வீகக் குடி மக்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் வாசி. நாங்கள் அடைக்கலம் தேடி வந்தவர்கள், அது உண்மை. வந்து இறங்கிய நிலம் எப்படிக் காலியானது என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிற கட்டுரை எனக்கு வேண்டாம்.

நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு சேர்ந்தது 1949 இல்தான். சேரும்போது எழுதிய ஒப்பந்த விதிகளில் பூர்வீகக் குடிகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த ஒரு வரி இல்லாமல் போனதன் விளைவைப் பார்: 2008 இல் பூர்வீகக் குடிப் பிள்ளைகளைக் குடும்பத்தில் இருந்து பிரித்து அடைத்த வதிவிடப் பள்ளிகளுக்காகப் பிரதமர் ஹார்ப்பர் மன்னிப்புக் கேட்டபோது, அந்த மாகாணத்துப் பள்ளிகளில் அடைக்கப்பட்டிருந்த பிள்ளைகள் அதற்குள் வரவில்லை. அவர்களிடம் ஜஸ்டின் ட்ரூடோ போய் மன்னிப்புக் கேட்டது 2017 நவம்பரில், லாப்ரடோரில். ஒரு சட்ட ஆவணத்தின் வெற்றிடம் ஒரு முதியவரின் வாழ்க்கையில் என்ன செய்யும் என்று காட்ட இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

சட்டம் என்றதும் என் கதை ஒன்று. எனது அகதி விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அகதிச் சபையின் உறுப்பினர்கள் இரண்டு பேர், இந்தப் பக்கம் நானும் சட்டத்தரணியும், நடுவில் மொழிபெயர்ப்பாளர், ஓடிக்கொண்டிருந்த ஒலிப்பதிவுக் கருவி. மயிலிட்டிக்காரன் என்கிறாயே, அங்கே எந்த மாதத்தில் எந்த மீன் படும் என்று கேட்டார்கள். அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கேள்வியில் வாய் திறந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு மீன்களின் பெயர் தெரியாமல் திணறிப்போனார். அந்த அறை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் 1985 ஏப்ரல் 4 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் கொடுத்த சிங் வழக்குத் தீர்ப்பு. அகதி என்று சொல்லி வருபவரின் வாயால் கேட்காமல் வெறும் தாளைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்றார்கள். கனடா மண்ணில் நிற்கும் யாருக்கும் நாட்டின் உரிமைகள் சாசனத்தின் பாதுகாப்பு உண்டு என்று எழுதியவர் நீதிபதி பேர்த்தா வில்சன். ஸ்கொட்லாந்தில் இருந்து குடியேறியவர், அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. வழக்குப் போட்டவர்களில் சீக்கியர்கள் இருந்தார்கள். அடுத்தவன் போட்ட வழக்கில் திறந்த கதவு வழியாகத்தான் நான் வந்தேன். அதை உன் ஆய்வில் எழுதினால் எனக்குப் பெருமை.

அதே நாட்டின் மற்ற முகத்தையும் விட்டுவிடாதே. படகுகள் வந்த மறு வருடம், 1987 ஜூலையில், நோவா ஸ்கோஷியாவில் சார்ல்ஸ்வில் என்ற ஊரில் 174 சீக்கியர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். ஊர்ச் சனம் சாப்பாடும் தேநீரும் கொடுத்தது. ஒட்டாவாவிலோ கோடை விடுமுறையில் இருந்த பாராளுமன்றத்தை அவசரமாகக் கூட்டி, அகதிகளைத் தடுக்கும் சட்டமூலத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முதல் வருடம் திருப்பி அனுப்ப மாட்டோம் என்ற அதே அரசாங்கம்! 2010 இல் சன் சீ கப்பலில் 492 தமிழர் வந்தபோது என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், பிள்ளைகளோடு வந்த தாய்மாரையும் மாதக்கணக்கில் தடுத்து வைத்தார்கள். கனடா நல்ல நாடா கெட்ட நாடா என்று மாமாமார் தேநீர்க் கோப்பையோடு சண்டை பிடிக்கட்டும். எந்த வருடம் எது கதவைத் திறந்தது, எது மூடியது என்று நீ பார். பத்திரிகைத் தலைப்பா, தேர்தலா, வந்தவர்களின் எண்ணிக்கையா, நிறமா?

இன்னும் ஒன்று வற்புறுத்திச் சொல்கிறேன். பிரெஞ்சை விடாதே. இரண்டாம் வருடத்தோடு போதும் என்றாயாம், அம்மா சொன்னாள். ஆங்கிலத்தில் மட்டும் வாசித்தால் இந்த நாட்டின் பெரிய ஒரு பகுதி உனக்கு வெறும் செய்தியாகத்தான் வரும். 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்தைத் தெரிந்த வீட்டுப்பிள்ளை நீ. ஒன்ராறியோவிலேயே 1912 இல் 17 ஆம் ஒழுங்குவிதி என்று ஒன்று கொண்டுவந்து, பள்ளிகளில் பிரெஞ்சு மொழிக் கல்வியை முதல் இரண்டு வருடத்தோடு மட்டுப்படுத்தினார்கள். ஒட்டாவாவில் கீக் பள்ளியில் டெலோஜ் சகோதரிகள் இரண்டு பேர் அதற்குக் கீழ்ப்படியாமல் கற்பித்தார்கள். 1916 ஜனவரிக் குளிரில் தாய்மார் பள்ளி வாசலில் காவல் நின்றார்கள், கையில் தொப்பியூசி, கத்தரிக்கோல், மாவுருட்டும் கட்டை. அந்தத் தாய்மாரைத் தெரியாமல், ஆங்கிலத்தோடு பிரெஞ்சையும் ஆட்சிமொழியாக்கிய 1969 இன் ஆட்சிமொழிச் சட்டத்தை வாசித்தால் அது ஏதோ பெரிய மனதோடு மேலிருந்து கொடுத்த பரிசு போலத் தெரியும். 1995 இல் கியூபெக் பிரிவதா இல்லையா என்ற வாக்கெடுப்பில் 'இல்லை' என்று விழுந்த 50.58 சதவீத வாக்கால் நாடு மயிரிழையில் தப்பியது ஏன் என்பதும் பிடிபடாது.

கடைசியாக, நேர்காணல். அந்தப் படகில் வந்த ஒருவர் எனக்குப் பழக்கம். நீ யாரென்று சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். கதைக்கலாம் என்றார், ஆனால் பெயர் வேண்டாம், கடலில் கிடந்த நாட்களைப் பற்றி மனைவிக்கு முன்னால் கேட்க வேண்டாம் என்றார். இரண்டையும் கண்டிப்பாகக் கடைப்பிடி. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி எடுக்காமல் ஒரு கேள்வியும் கேட்காதே. சம்மதப் படிவத்தைத் தமிழிலும் எழுது, நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன். முதல் சந்திப்பில் ஒலிப்பதிவு வேண்டாம், போய்த் தேநீர் குடித்துவிட்டு வா. செயின்ட் ஷாட்ஸ் பக்கத்து மீனவர் யாரையாவது தொலைபேசியிலாவது பிடிக்க முடியுமா என்று உன் பேராசிரியரிடம் கேள். இரண்டு பக்கமும் கேட்டால்தான் இது முழுமையாகும்.

வாசிப்பு விடுமுறைக்கு வரும்போது பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று முதல் நாளே சொல். படகில் வந்த அந்த மனிதர் புதன்கிழமைகளில் வேலைக்குப் போவதில்லையாம், ஆகவே அன்றைக்கு வேறு திட்டம் போடாதே. ஆய்வு முன்மொழிவின் முதல் பக்கத்தை அதற்கு முதல் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா